விலாசம் தவறிய செய்தி

இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் உலகத்தைக் குலுக்கிய செய்திகள் எவை என்று யாரைக் கேட்டாலும், 2001 மார்ச்சில் பாமியான் பள்ளத்தாக்கில் தகர்க்கப்பட்ட புத்தர் சிலைகளையும், அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கில் சரிந்த இரட்டைக் கோபுரங்களையும், 2003-இல் ஈராக்கின்மீது தொடுக்கப்பட்ட யுத்தத்தையும், 2008-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கி விழுந்து உலக வர்த்தகத்தையே ஆட்டங்காணச் செய்ததையும் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். இவற்றைக் கண்டு நாம் பதறினோம், பரிதாபப்பட்டோம், நண்பர்களோடு வாதாடினோம். பிறகு எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். ஆனால் 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அந்த வரிசையில் வைக்க என் மனம் ஒப்புவதில்லை. அது நம்முடைய விலாசத்துக்கே வரவேண்டிய செய்தி, வந்து சேரவில்லை.

அன்று காலை, இந்திய நேரப்படி ஆறரை மணி அடிக்கும் தறுவாயில், வட சுமத்திராவுக்கு மேற்கே கடலுக்கடியில் பூமியின் தட்டு ஒன்று மற்றொன்றின் கீழ் வழுக்கி, அந்தமான் வரையில் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்குக் கடலடித் தரை முறிந்தது. அந்த நிலநடுக்கத்தின் அளவு 9.1 என்று பிற்பாடு கணித்தார்கள். சென்னையிலே அந்த ஆட்டத்தை உணர்ந்து மாடி வீடுகளிலிருந்து தெருவுக்கு இறங்கிய ஜனங்கள், சற்று நேரம் அதைப் பற்றிப் பேசிவிட்டு உள்ளே போனார்கள். அந்த முறிவால் எழுந்து, ஆழ்கடலில் ஆகாய விமானத்தின் வேகத்தோடு வரும் சுனாமி அலைக்கும் தமிழ்நாட்டுக் கரையைத் தொட ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் பிடித்தது. அந்த இரண்டரை மணி நேரமும் உலகத்தில் செய்தி இருந்தது என்பதுதான் நெஞ்சை அறுக்கும் விஷயம். ஹவாய்த் தீவில் பசிபிக் சமுத்திரத்துக்கென ஏற்பட்ட எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்துக்குள் அதிர்ச்சியைக் கண்டுகொண்டு, அதை 8.0 என்று குறைவாக மதிப்பிட்டு, பசிபிக் கரைகளுக்கு அபாயமில்லை என்று தன் கடமையின் எல்லைக்குட்பட்ட அறிவிப்பை வெளியிட்டது. இந்து சமுத்திரத்துக்கு அப்படியொரு நிலையமே அன்று இல்லை. கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளத்துக்குள் கடல் புகுந்த தகவல் நம் விமானப்படைக்கு எட்டியிருந்தது. தலைநகரில் ஓர் அவசரத் தொலைநகல், பதவியிலிருந்து இறங்கி ஏழு மாதமாகிவிட்ட முன்னாள் அமைச்சர் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்ததென்று பத்திரிகைகள் எழுதின. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் உயிர்கள் போயின. பதினான்கு நாடுகளில் மாண்டவர் இரண்டேகால் லட்சத்துக்கும் மேல்.

அதே நாளில் வேறொரு செய்தி தாமதமின்றி வந்து சேர்ந்தது. அது புறப்பட்ட ஆண்டு 1907.

நிலநடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அருகில் இருந்த தீவு சிமுலுவே. அங்கே எழுபத்தெட்டாயிரம் பேர் வாழ்ந்தார்கள். அதன் வடகரையிலுள்ள லாங்கி என்ற கிராமத்தை, நிலம் ஆடியதிலிருந்து எட்டே நிமிடங்களில் அலை அடைந்தது. எந்த நவீன யந்திரமும் அவர்களை எச்சரித்திருக்க முடியாத அவகாசம் அது. வீடுகள் அடியோடு போயின. ஆனால் லாங்கியில் ஓர் உயிர்கூடப் போகவில்லை, தீவு முழுவதிலும் இறந்தவர்கள் ஏழு பேர். 1907-இல் இதே விதமான அலை அத்தீவில் ஏராளமானவர்களை வாரிக்கொண்டு போயிருந்தது. பிழைத்தவர்கள் தம் மக்களிடத்தும், அம்மக்கள் தம் பேரப்பிள்ளைகளிடத்தும் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்: நிலம் பலமாக ஆடி, பிறகு கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்க நில்லாதே, குன்றுக்கு ஓடு. ‘ஸ்மோங்’ என்று அந்த அலைக்குப் பெயரிட்டுப் பாட்டாகவும் பாடினார்கள். நிலம் சிறிதாக ஆடும் சமயங்களில் எல்லாம் பெரியவர்கள் அக்கதையை மறுபடி எடுத்தார்கள். தொண்ணூற்றேழு வருஷங்களுக்குப் பிறகு, அலையை நேரில் கண்டவர் அநேகமாக ஒருவரும் மிஞ்சியிராத ஒரு காலையில், அந்தச் சொல்லைக் கூவிக்கொண்டு ஊரே மலையேறிவிட்டது.

நான் அடிக்கடி யோசிப்பது அவர்களுடைய ஞாபகசக்தியை அன்று. அவர்கள் ஓடத் துணிந்ததைத்தான். அபாயம் கண்ணுக்குப் புலப்படாதிருக்கும்போது எழுந்து ஓடுவதற்கு, உயிரின்மேல் உள்ள ஆசை மட்டும் போதாது. ஒன்றும் நேராவிட்டால் அண்டை வீட்டார் சிரிப்பார்களே என்ற கூச்சத்தை மிதித்துவிடவும் வேண்டும். அன்று இலங்கையிலும் தாய்லாந்திலும் கடல் பின்வாங்கியதைக் கண்டு, வெளிப்பட்ட மணலைப் பார்க்கக் கீழே இறங்கிப் போனவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு யாரும் முன்னே சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான். புக்கெட் தீவின் கடற்கரை ஒன்றில், இரண்டு வாரத்துக்கு முன்னர்த்தான் பூகோள வகுப்பில் இதைப் படித்திருந்த பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, பெற்றோரை நச்சரித்துக் கரையிலிருந்தோரை எல்லாம் வெளியேற்றிவிட்டாள். சிரிப்பார்களே என்ற பயம் அந்த வயதில் இன்னும் பிடித்திருக்காது போலும்.

நம்மிடத்தும் கடலைப் பற்றிய ஞாபகத்துக்குக் குறைவில்லை. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட கதையை மணிமேகலை சொல்கிறது. பழைய பாண்டிநாட்டைக் கடல் கொண்டதை இறையனார் களவியலுரை பேசுகிறது. அவற்றை நாம் மறக்கவுமில்லை. மேடைதோறும் முழங்கி, நம் குலத்தின் தொன்மைக்குச் சாட்சியாக நிறுத்தி, பெருமிதம் கொண்டோம். எனினும் அந்தப் பெரிய ஞாபகம், பாட்டி பேரனுக்குச் சொல்லும் ஒருவரிக் கட்டளையாக நம் கரையில் எந்தக் குடிசைக்குள்ளும் இறங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இன்னொன்றும் உண்டு. 1881-இல் கார் நிக்கோபார் அருகே நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த அலைகள் நாகப்பட்டினத்துக் கடல்மட்டக் கருவியிலேயே பதிந்திருந்தன. அப்பதிவுகளை ஆராய்ந்து இரண்டு விஞ்ஞானிகள் 2003-இல், அதாவது பேரழிவுக்கு முந்திய ஆண்டில், கட்டுரையும் வெளியிட்டிருந்தார்கள். இலக்கியமும் அறிந்திருந்தது, சாஸ்திரமும் அறிந்திருந்தது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவனுக்கு மட்டும் தெரியவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். சிமுலுவேயில் நிலமே அடிக்கடி ஆடிக் கதையை நினைவூட்டிக்கொண்டிருந்தது. நம் கரைக்கு அந்தக் கொடிய உதவி கிடைக்கவில்லை. தலைமுறைக்கு ஒருமுறையும் வராத அபாயத்தைக் குறித்து நாள்தோறும் அஞ்சி வாழச் சொல்லுவது விவேகமும் ஆகாது.

ஆயினும் புதுச்சேரியை அடுத்த நல்லவாட்டை நினைக்கும்போது இந்தச் சமாதானமும் முழுதாகச் செல்லுபடியாவதில்லை. அவ்வூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையிலிருந்தார்; அன்று காலை தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டதும் வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார், சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் நிலையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவித்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்களைக் கரையிலிருந்து அகற்றினார்கள். அதே செய்தியை அதே நேரத்தில் எத்தனையோ ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள். பார்த்ததைத் தன் ஊரோடு பொருத்திப் பார்த்து, எழுந்து தொலைபேசியை எடுத்தவர்தான் செய்தியை உண்மையில் கேட்டவர். மற்றவர்கள், நான் உட்பட, செய்தியை வேடிக்கை பார்த்தவர்கள். நாள் ஒன்றுக்கு நூறு செய்திகள் காதில் விழுகிற இக்காலத்தில், இதில் என் கைக்கோ காலுக்கோ ஏதாவது வேலை உண்டா என்று நாம் கேட்டுக்கொள்வதேயில்லை.

2007 அக்டோபர் முதல் ஐதராபாத்தில் இந்து சமுத்திரத்துக்கான நமது எச்சரிக்கை நிலையம் இயங்குகிறது. நிலநடுக்கம் நேர்ந்த சில நிமிடங்களில் தகவல் அரசாங்கத்தின் கைக்கு வந்துவிடும். கடற்கரைக் குப்பத்தில் அதைக் கேட்டு ஓடத் தெரிந்த பிள்ளைகள் இருக்கவேண்டும் என்பதை மட்டும் எந்த நிலையமும் செய்து தர முடியாது. ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று கடலில் பால் ஊற்றி, மலர் தூவி, மெழுகுவத்தி ஏந்தி இறந்தவர்களை வணங்குகிறோம், அது செய்யத்தக்கதே. அச்சடங்கை நடத்துகிறவர்களிடம் என் விண்ணப்பம் ஒன்றுதான்: கூடியிருக்கும் குழந்தைகளை முன்வரிசையில் உட்காரவைத்து, கடல் திடீரென்று உள்வாங்கினால் எந்தத் தெரு வழியாக எந்த மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதை, ஊரின் மூத்த கிழவி ஒருத்தியின் வாயால், பத்து நிமிஷம் சொல்லச் செய்யுங்கள்.