மறைக்கலாம், பொய் சொல்லலாகாது

2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் 13 பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. கோபாலபுரம், அண்ணா நகர் எனப் பல இடங்களில் பள்ளி வாசலில் பெற்றோர் திரண்டார்கள். வெடிகுண்டு நிபுணர்கள் மோப்ப நாய்களோடு வந்து தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. புரளி என்று காவல்துறை அறிவித்தது. அதே ஆண்டு மே 1 அன்று டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இதே கதை நடந்தது.

குண்டு இருக்கிறதா என்று தேடுவது போலீசின் வேலை. பெற்றோரிடம் எதை, எப்போது சொல்வது என்பதைப் பள்ளிதான் முடிவு செய்தாக வேண்டும். அறச்சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

சோதனை முடியும்வரை வாய் திறக்க வேண்டாம் என்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. நூற்றுக்கணக்கான பெற்றோர் இருசக்கர வாகனங்களில் ஒரே தெருவுக்குள் புகுந்தால் தீயணைப்பு வண்டி எப்படி நுழையும்? மிரட்டியவன் விரும்பியதும் இந்தப் பதற்றத்தைத்தானே? 2024 டிசம்பரில் டெல்லியில் வந்த சில மின்னஞ்சல்களை, தேர்வு தள்ளிப்போக வேண்டும் என்று ஆசைப்பட்ட மாணவர்களே அனுப்பியதாகப் போலீசார் சொன்னார்கள். யாரோ ஒரு பிள்ளையின் தேர்வு பயத்துக்கு ஊரே ஏன் ஓட வேண்டும்?

ஆனால் இதெல்லாம் பிறகு தெரியவருவது. காலை ஒன்பது மணிக்கு எந்த மிரட்டலும் புரளி என்ற முத்திரையோடு வருவதில்லை. இதற்கு முன் வந்தவை பொய்யாகிப் போனதால் இதுவும் பொய்தான் என்று தீர்ப்பெழுத நிர்வாகத்துக்கு உரிமை கிடையாது. அது பணயம் வைப்பது அடுத்தவர் பிள்ளையை.

இந்த நெருக்கடியில் சட்டென்று கைக்கு வருவது, 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று தொடங்கும் குறுஞ்செய்தி. மழை விடுமுறைக்கும் அதே வாசகம்தான். கேடில்லாத மழுப்பல் போலத் தெரியும். உண்மைக் காரணத்தைப் பெற்றோர் தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் அறிந்துகொள்ளும்போதுதான் அதன் விலை தெரியும். பிறகு 'எல்லோரும் பத்திரம்' என்று பள்ளி உண்மையையே சொன்னாலும் யார் நம்புவார்? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்த மாநிலம் இது. 'பதறாதீர்கள்' என்ற ஒற்றைச் சொல் இங்கே எந்தத் தாயையும் வீட்டில் உட்கார வைக்காது.

மறைப்பது வேறு, பொய் சொல்வது வேறு. மின்னஞ்சலின் வாசகத்தையும் போலீஸ் தேடும் விதத்தையும் பள்ளி வெளியிட வேண்டியதில்லை. மிரட்டியது அதே பள்ளி மாணவன் என்றால் அவன் பெயரையும் கட்டாயம் காக்க வேண்டும். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உருவான மதிப்பீட்டு முறை, ஆத்திரத்தில் வாய்தவறி வந்த பேச்சையும் செய்யும் எண்ணத்தோடு விடுத்த மிரட்டலையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. அந்த விசாரணை முடியும் முன்பே பையனின் பெயர் பெற்றோர் குழுவில் சுற்றினால், விளையாட்டுத்தனமாக எழுதியவன்கூட ஆயுள் முழுக்கக் குற்றவாளிதான். ஆனால் மிரட்டல் வந்தது, போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது, பிள்ளைகள் வகுப்பறையை விட்டு வெளியேறிவிட்டார்கள் என்ற மூன்றும் பெற்றோருக்கு உரிய செய்தி. சோதனை முடிந்ததும் அதன் முடிவும் அப்படியே. பலர் இந்தக் கடைசிச் செய்தியை மறந்துவிடுகிறார்கள்.

மிரட்டல் வந்த பிறகு உட்கார்ந்து வாசகம் யோசித்தால் மழுப்பல்தான் பிறக்கும். 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், வெடிகுண்டு மிரட்டல்களைக் கையாள விரிவான நடைமுறையை எட்டு வாரத்துக்குள் வகுக்கும்படி அங்குள்ள அரசுக்கும் காவல்துறைக்கும் உத்தரவிட்டது. நம் பள்ளிகள் நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த எண்ணிலிருந்து செய்தி வரும், எந்த வாசலில் பிள்ளையை ஒப்படைப்பார்கள் என்பதை ஜூன் மாதமே சொல்லிவிடலாம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கட்டணத்தைப் பற்றிக் கேட்கும்போது இதையும் கேளுங்கள்.