எரிந்தவர்க்கு இரங்கலாமா?

ஆரல்வாய்மொழிக் கணவாயிலே மதில் எழுப்பித் திருவிதாங்கூரைக் காத்தனர். 1809இல் அதைத் தாண்ட ஆங்கிலப் படை நடந்துதான் வரவேண்டியிருந்தது. வானிலே வரும் பகைக்கு மதில் ஏது, வாயில் ஏது? 1915 சனவரி 19ஆம் நாள் இரவு, இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலே ஜெர்மன் ஆகாயக் கப்பல்கள் குண்டு பொழிந்தன. மாண்டவர் நால்வர். அவருள் ஒருவன் 14 வயதுச் சிறுவன், போர்க்களமே காணாதவன்!

1916 செப்டம்பர் 3ஆம் நாள், இலண்டனுக்கு வடக்கே, நள்ளிருளில் தனியே பறந்து, அத்தகைய கப்பலொன்றைத் தீத்தோட்டாக்களால் வீழ்த்தினான் லீஃப் ராபின்சன். வயது 21. நம் குடகிலே பிறந்தவன். காப்பித் தோட்டத் துரையின் மகன். நம்மை ஆண்ட இனத்தான்தான். அதனால் அவன் செயலின் அறம் குறைந்துவிடுமா? தொட்டிலின்மேல் குண்டு வீச வரும் கையைத் தடுக்காமல் நிற்பதை அருள் என்று நான் அழைக்கமாட்டேன்.

ஆனால், கப்பல் கொழுந்துவிட்டு எரிந்தபோது வீதிகளிலே மக்கள் பாடினர், ஆர்ப்பரித்தனர்! உள்ளே வெந்தவர் 16 பேர். அவர்கட்கும் தாய் உண்டன்றோ? அந்தப் பிணங்களுக்குப் படைமரியாதை கூடாதென்று கூச்சலிட்டோரும் உண்டு. விமானப் படையினரோ, பாட்டர்ஸ்பார் என்னும் ஊரிலே அவர்களை மரியாதையுடனே அடக்கம் செய்தனர். உயிரைப் பணயம் வைத்துப் போரிட்டவர்க்கு இல்லாத வெறி, வேடிக்கை பார்த்தவர்க்கு எங்கிருந்து வந்தது?