நுகர்ச்சியும் நினைவும்

மனிதன் இன்பம் துய்க்கலாமா என்னும் வினாவிற்கு நம் முன்னோர் என்றோ விடை கண்டுவிட்டனர். அறவழியில் ஈட்டிய பொருளைக் கொண்டு இன்புறுதல் தக்கதே என்பது அவர்தம் முடிபு. அதனை மீண்டும் ஆராய்வது என் நோக்கமன்று. அண்மைக் காலமாக என் உள்ளத்தை உறுத்தி வரும் வினா வேறு. நாம் இன்பம் துய்க்கும் இடத்தில் முன்னொரு காலத்தில் பிறர் துன்பம் துய்த்திருப்பின், அதனை அறிந்துகொள்ளும் கடப்பாடு நமக்கு உண்டா? அறிந்த பின்னரும் அவ்வின்பம் குன்றாது நிற்குமா?

இவ்வினாவை என்னிடம் கொண்டு வந்தவர்கள் என் இளமைக்கால நண்பரும் அவர்தம் துணைவியாருமாவர். நண்பரும் நானும் ஒரே இரப்பர்த் தோட்டத்தில், அடுத்தடுத்த லயங்களில் பிறந்தவர்கள். மாணவப் பருவத்தில் வார இறுதிதோறும் பக்கத்து நகரத்து மன்றத்தில் கோல்ப் ஆடுவோரின் பையைத் தோளில் சுமந்து, கிடைத்த இரண்டொரு வெள்ளியில் நோட்டுப் புத்தகம் வாங்கியவர் அவர். பின்னர்ப் பொறியியலாளரானார், அதே ஆட்டத்தில் வல்லவருமானார். திருமணத்தின் முப்பதாம் ஆண்டு நிறைவையொட்டி இருவரும் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகருக்குச் சென்று வந்தனர். ஊர் காணல், கோல்ப் ஆடல், திராட்சை மது சுவைத்தல் ஆகிய மூன்றையும் இணைத்து வகுக்கப்பட்ட பயணம் அது.

நகருக்குப் பின்னே ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்து, உச்சி தட்டையாய் நிற்கும் மேசை மலை. அதன்மேல் ஏற 1929ஆம் ஆண்டு முதல் இயங்கும் கம்பிவட ஊர்தி. ஒரு மணி நேரப் பயணத்தில் ஸ்டெல்லன்போஷ், அதற்கப்பால் பிரான்ஸ்ஹூக்; மலையடிவாரமெங்கும் வரிவரியாய்த் திராட்சைக் கொடிகள். நண்பர் சொல்லச் சொல்ல எனக்கும் அங்குச் செல்ல ஆவல் பிறந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மதுவைச் சுவைக்கும் முறையை அவர் ஒரு சடங்கு போலவே விவரித்தார். கிண்ணத்தைச் சாய்த்து நிறம் பார்க்க வேண்டுமாம். சுழற்றி மணம் நுகர வேண்டுமாம். ஒரு மிடறு வாயில் கொண்டு நாவெங்கும் பரப்பிய பின், அருகில் உள்ள கலத்தில் துப்பிவிட வேண்டுமாம். என் தந்தையார் தோட்டத்துக் கள்ளுக்கடையில் ஒரு துளியையேனும் துப்பியதாக நான் அறியேன். சம்பள நாளன்று இரவு அம்மா விளக்கை அணைக்காமல் வாசலில் அமர்ந்திருந்ததை மட்டும் அறிவேன்.

ஒரு நாள் நண்பர் 1885இல் தொடங்கப்பட்ட ராயல் கேப் மன்றத்தில் ஆடச் சென்றபோது, துணைவியார் தனியே நகருக்குள் சென்றார். அங்கு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1679இல் தன் அடிமைகளை அடைத்து வைக்கக் கட்டிய மனை இன்று அரும்பொருட்காட்சியகமாக விளங்குகிறது. அடிமைகள் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டு வரப்பட்டவர்கள். பெற்றோர் இட்ட பெயர் பறிக்கப்பட்டு, புதுப்பெயரோடு பிறந்த மண்ணின் பெயர் ஒட்டப்பட்டது: வங்காளத்தான், மலபாரான், கோரமண்டலத்தான் என்று. கோரமண்டலம் என்பது நம் சோழமண்டலக் கரையேயன்றி வேறன்று.

1659ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அம்மண்ணில் முதன்முதலாகத் திராட்சை பிழியப்பட்டது எனக் குடியேற்றத் தலைவர் யான் வான் ரீபேக் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். அத்தொழிலைப் பெருக்கியது அடிமைகளின் உழைப்பு. 1834இல் அடிமை முறை ஒழிந்தது; ஆயினும் 1838 வரை ‘தொழில் பயில்வோர்’ என்னும் பெயரில் அவர்கள் அதே எசமானரிடம் கட்டுண்டு கிடந்தனர். அதன் பின்னரும் பண்ணைத் தொழிலாளர்க்குக் கூலியின் ஒரு பகுதியை மலிந்த மதுவாகவே அளந்து கொடுக்கும் வழக்கம் தொடர்ந்தது. ‘டாப்’ முறை என்பது அதன் பெயர். 1960களில் சட்டம் தடுத்த பின்னரும் பல பண்ணைகளில் அது மறையவில்லை. கருவிலேயே மதுவால் ஊறுபட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விழுக்காடு உலகிலேயே மிகுந்து காணப்பட்ட இடங்களுள் அப்பகுதியும் ஒன்று.

அன்றிரவு உணவு மேசையில் அம்மையார் கிண்ணத்தைத் தொடவில்லையாம். நண்பர் வருந்தினார். ஊர் திரும்பியதும் இருவரும் என்னிடம் வழக்குரைக்க வந்தனர்.

“நீங்களே சொல்லுங்கள் அண்ணே, நான் இவருடைய மகிழ்ச்சியைக் கெடுத்தேனா?” என்றார் அவர்.

நண்பரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. “இரத்தம் சிந்தாத மண் எங்கே இருக்கிறது? தாஜ்மகாலைக் காணும்போது கல் சுமந்தவனை எண்ணி அழுகிறோமா? நாங்கள் போகாவிட்டால் அங்கு உழைப்பவனுக்குத்தானே நட்டம்?” என்று கேட்டார். உண்மைதான். பயணிகள் தரும் பணத்தால் அங்குப் பலர் வாழ்கின்றனர். குற்ற உணர்ச்சியால் வீட்டில் முடங்குபவன் எவர்க்கும் நன்மை செய்தவனாகான். எனினும் அவர் வாதத்தில் ஒரு வழுக்கல் இருந்தது. அம்மையார் ‘போக வேண்டாம்’ என்று சொல்லவில்லை. ‘தெரிந்துகொண்டு போவோம்’ என்றுதான் சொன்னார். அறியாமை இன்பத்திற்கு இன்றியமையாத துணை என்றால், அவ்வின்பம் அத்துணை நொய்ம்மையானதா? வகுப்பறையில் முப்பதாண்டு நின்றவன் என்ற முறையில் அதனை என்னால் ஏற்க இயலவில்லை.

நான் நண்பரிடம் பாப்வா சேவ்கோலம் பற்றிக் கேட்டேன். கோல்ப் ஆடுவோராயிருந்தும் அவர் அப்பெயரைக் கேள்விப்பட்டதில்லை. டர்பனில் இந்திய வமிசாவளியில் பிறந்து, பிறர் பை சுமந்து ஆட்டம் பயின்றவர் அவர். எல்லாரும் மட்டையைப் பற்றும் முறைக்கு மாறாக, இடக்கை கீழாகப் பற்றியே ஆடினார். டச்சு ஓப்பன் போட்டியை 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் வென்றார். 1963இல் சொந்த மண்ணில் நேட்டால் ஓப்பனை வென்றபோது, வெள்ளையர்க்கு மட்டுமே உரிய மன்றக் கட்டடத்துள் அவரை விடவில்லை. பிறர் உள்ளே நிற்க, அவர் வெளியே மழையில் நனைந்தவாறு கோப்பையைப் பெற்றுக்கொண்டார். 1965இல் கேரி பிளேயரையே வென்று அதே பட்டத்தை மீண்டும் பெற்றார். பின்னர் வெள்ளையர் போட்டிகளின் கதவு அவருக்கு அடைக்கப்பட்டது. 1978இல் வறுமையில் மாண்டார்.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. “பை தூக்கியவரா?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, என்னைத் தம்முடன் ஆட்டத்திடலுக்கு வருமாறு அழைத்தார். நாங்கள் பிறந்த தோட்டம் இன்று கோல்ப் திடலாகவும் அதனைச் சூழ்ந்த மாளிகைகளாகவும் மாறியுள்ளது. அங்கு அவர் உறுப்பினராகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நான் அதுவரை உள்ளே சென்றதில்லை. அம்மையாரும் உடன் வந்தார். ஏழாம் குழியருகே நண்பர் பந்தை அடிக்காமல் மட்டையை ஊன்றி நின்றார். பால் நிறுக்கும் கொட்டகை எங்கே இருந்தது என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபட்டது. கள்ளுக்கடை இருந்த இடத்தை மட்டும் இருவரும் தயங்காமல் ஒரே திசையில் சுட்டினோம். அங்கே இப்போது ஒரு சிறு குளம் வெட்டியிருக்கிறார்கள். பின்னால் வந்த ஆட்டக்காரர்கள் பொறுமையிழந்து குரல் கொடுத்தனர். நண்பர் அவர்களை முன்னே போகச் சொல்லிக் கையசைத்தார்.

“உங்கள் லயம் எது அண்ணே?” என்று அம்மையார் கேட்டார். நாங்கள் புல்வெளியில் அடியெண்ணி நடக்கத் தொடங்கினோம்.