வல்லூறு பாவம் செய்கிறதா?

மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுள் ஆசிரியரைத் திணறச் செய்வது ஒன்றுண்டு. அனைத்தையும் படைத்த இறைவன் நல்லவரென்றால், பருந்துக்கு ஏன் வளைந்த நகத்தைக் கொடுத்தார்? கோழிக்குஞ்சு என்ன குற்றம் செய்தது? "ஆதாமின் பாவத்தால் வந்த வினை" என்று கூறிவிட்டு அடுத்த பாடத்திற்குப் போவதே நம்மிற் பலரின் வழக்கம். ஆனால் இந்தப் பதிலைத் திருச்சபையின் தலைசிறந்த சிந்தனையாளரே ஏற்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ், மனிதன் செய்த பாவம் மிருகங்களின் இயல்பை மாற்றிவிடவில்லை என்றும், இன்று இறைச்சி தின்னும் சிங்கமும் வல்லூறும் அன்று புல்லைத் தின்றன என்பது பொருந்தாது என்றும் தமது இறையியல் தொகுப்பில் தெளிவாகவே எழுதினார். வல்லூறு முதல் நாளிலிருந்தே வல்லூறுதான்.

மன்னார் மக்கள் இதைக் காண நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. வாடைக் காலத்தில், 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2010இல் உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்க்கப்பட்ட வங்காலைச் சேற்று வெளியோரம் சிறிது நேரம் நின்றாற் போதும். பூநாரைகளைப் பார்க்க வருவோர் பலர். அவற்றுக்கப்பால் சின்னஞ்சிறு உள்ளான்கள் ஆயிரக்கணக்கில் மேய்வதைக் கவனிப்போர் சிலரே. திடீரென அத்தனையும் ஒன்றாக எழும்பி, உதறிய சேலைபோல வளைந்து திரும்பும். மேலே வல்லூறு வந்துவிட்டது என்பதே அதன் பொருள். கூட்டத்துக்குள் பாய்ந்தால் தன் சிறகே முறியலாம். ஆகவே பிரிந்து தனித்துப்போகும் ஒன்றுக்காக அது காத்திருக்கும். பின்னர் மணிக்கு 300 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்திற் கீழே பாயும்.

கடற்கழுகின் கூட்டிலோ இன்னும் மனத்தைக் கலக்கும் காட்சியுண்டு. அது வழக்கமாக இரண்டு முட்டையிடும். பெரும்பாலும் ஒரு குஞ்சே பறக்கும்வரை பிழைக்கும். சில கழுகினங்களில் மூத்த குஞ்சே இளையதைக் கொத்திக் கொல்கிறது. பறவையியலார் இதற்குக் காயினின் பெயரையே வைத்துவிட்டார்கள். பொருத்தமான பெயரா? உன் தம்பி எங்கே என்று இறைவன் கேட்டபோது காயினால் பொய் சொல்ல முடிந்தது. கழுகுக் குஞ்சிடம் அக்கேள்வியை யாரும் கேட்க முடியாது.

மிருகங்கள் பசிக்காக மட்டுமே கொல்கின்றன, மனிதன்தான் பேராசையாற் கொல்கிறான் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் உண்மையன்று. கோழிக்கூட்டுக்குள் நுழைந்த நரி ஒன்றைத் தின்று பத்தைக் கொன்றுவிட்டுப் போவதைக் கண்டவர்கள் நம்மூரில் இருக்கிறார்கள். ஆலா பாடுபட்டுப் பிடித்த மீனைக் கடற்புறா துரத்தித் துரத்திப் பறித்துக்கொள்கிறது. இவற்றைப் புனிதர்களாக்குவதும் குற்றவாளிகளாக்குவதும் ஒரே தவறின் இரு முகங்கள். இரண்டிலும் நாம் பார்ப்பது பறவையை அல்ல, நம்மையே.

அப்படியானால் நமக்கும் வல்லூறுக்கும் என்ன வேறுபாடு? அறிவுதான். ஒழுக்க இறையியல் அறியாமையை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாதது, அதற்குக் குற்றமில்லை. மற்றது, முயன்றால் நீக்கக்கூடியது, முயலாமலிருப்பதே குற்றம். வல்லூறு என்றென்றும் முதலாவது நிலையில் இருக்கிறது. நாம் அப்படியல்ல.

ஓர் உதாரணம் சொல்லலாம். தலைமன்னாருக்கு அப்பால், 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட ஆதாம் பாலத்துத் தீடைகளிற் சோளகக் காலத்தில் ஆலாக்கள் முட்டையிடுகின்றன. கூடென்று ஒன்றுமில்லை, வெறும் மணலிற் சிறு குழி. முட்டையும் மணல் நிறம், குஞ்சும் மணல் நிறம். தாய் அடைகாப்பது சூடேற்ற மட்டுமன்று, நண்பகல் வெயிலுக்கு நிழல் கொடுக்கவுமே. அங்கே வேடிக்கை பார்க்க இறங்குபவர் ஒரு முட்டையையும் தொடமாட்டார், கல்லெறியமாட்டார். ஆனால் தாய்ப்பறவைகள் எழும்பி அவர் தலைமேற் கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் முட்டைகள் வெயிலில் வெந்துவிடும். காகம் இருந்தாற் கொத்திவிடும். கருணையுள்ளவர்தாம், ஆனால் நரியைவிட அதிகம் கொன்றுவிட்டுப் போகிறார். அவருக்குக் குறைவாயிருந்தது இரக்கமன்று, ஆலாவைப் பற்றிய அறிவு.

காற்றாலை விவகாரத்திலும் இதே கேள்விதான். 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன் தம்பபவனி திறக்கப்பட்டது. மேலும் பெரியதொரு திட்டத்திற்கு எதிராக 2024இல் மன்னார் ஆயரும் சூழலியல் அமைப்புகளும் உயர் நீதிமன்றம் சென்றனர். 2025இல் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வேறு காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் வீதிக்கு வந்தனர். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், புகையில்லாத மின்சாரம் நல்லதே. இதை மறுப்பவன் நானல்லன். ஆனால் இரைதேடும் கழுகின் பார்வை கீழே நீரிலும் நிலத்திலும் பதிந்திருக்கும். எதிரே சுழலும் இறக்கை அதன் கண்ணுக்குப் படாமற் போகலாம். எந்த மாதத்தில், எந்த உயரத்தில், எவ்வழியாகப் பறவைகள் செல்கின்றன என்று பார்த்தபின் தூணை நடுவது ஒன்று. நட்டபின் கீழே விழுந்தவற்றை எண்ணுவது வேறு.

இவற்றை அறிய வழியில்லை என்றும் இப்போது சொல்ல முடியாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தார் சீன விஞ்ஞானிகளுடன் சேர்ந்து மன்னாரிற் பறவைகளுக்குச் சிறு கருவிகளைப் பொருத்தி வருகின்றனர். மேகா, மன்னாரி என்று பெயரிடப்பட்ட இரு கடற்புறாக்கள் 2021இல் இங்கிருந்து புறப்பட்டு, ரஷ்யாவின் வடதுருவக் கரைவரை சென்றதை அக்கருவிகள் நாளுக்கு நாள் காட்டின. மேகா அதே ஆண்டிலேயே மன்னாருக்குத் திரும்பியும் வந்தது.