உடையில் ஒப்பு: திருவிதாங்கூர்த் தோள்சீலை முதல் திரைப்பட நாகரிகம் வரை

'நாகரிகம்' என்னும் சொல் திருக்குறளில் கண்ணோட்டம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் (580) இடம்பெறுகிறது. பழகியவர் தம் கண்முன்னே நஞ்சு பெய்து தரினும் மறாது உண்டு அமையும் பெருந்தன்மையை அச்சொல் அங்குக் குறிக்கிறது. நற்றிணைப் பாடலொன்றும் (355) இக்கருத்தை உடையது. இன்றோ துணிக்கடைப் பலகையிலும் திரைப்பட இதழிலும் உடைப்பாங்கைச் சுட்ட அச்சொல் வழங்குகிறது. இதனைப் பொருளிழிபு என்று கூறிவிடுதல் எளிது. ஆயின் இருபொருளுக்கும் பொதுவான ஒரு கூறு உண்டு. கண்ணோட்டம் என்பது பிறர்மேல் நம் கண் செல்லுதல்; உடைநாகரிகம் என்பது நம்மேல் பிறர் கண் வருதலை எதிர்நோக்குதல். இரண்டும் பிறரோடு சேர்ந்து வாழ்வதால் விளைபவை. எனவே உடையைப் பற்றிய ஆராய்ச்சி அறவியலுக்குப் புறம்பானது அன்று.

உடையில் பிறரைப் பின்பற்றுதல் குறையா என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. தனக்கென ஒரு பாணி உடையவர் மதிக்கப்படுவதும், நடிகரைப் பார்த்து உடுத்துபவர் இகழப்படுவதும் இன்றைய பொது வழக்கு. கல்வி கற்றோரிடம் இவ்விகழ்ச்சி சற்று மிகுதி என்றே கூறவேண்டும்.

இவ்விகழ்ச்சிக்குப் பழைய அறநூல்களில் ஆதாரம் காட்டலாம். உறுப்பால் ஒத்திருத்தல் ஒப்பாகாது, பண்பால் ஒத்திருத்தலே ஒப்பு என்கிறார் வள்ளுவர் (993). உலகாளும் வேந்தனுக்கும் இரவெல்லாம் துயிலாது விலங்கு தேடும் கல்லாத வேட்டுவனுக்கும் உணவின் அளவும் உடையின் எண்ணிக்கையும் ஒன்றே என்கிறார் நக்கீரனார் (புறம். 189). புறத்தோற்றம் பொருட்டன்று என்பதே இவற்றால் பெறப்படும் கருத்து. ஆயினும் நக்கீரனார் ஆடையை எண்ணினாரேயன்றி அதனை உடுக்கும் முறையைப் பேசவில்லை. அவர்தம் நோக்கம் செல்வத்துப் பயன் ஈதல் என்பதை நிறுவுதலாதலின் அது அங்குத் தேவைப்படவும் இல்லை. ஆனால் பிற்காலத்தில் ஓர் அரசு, உடுக்கும் முறை குறித்தே ஆணைகள் பிறப்பித்தது. அவ்வரசின் தலைநகர் திருவனந்தபுரம்.

ஆணைகள் காத்தது எதனை?

தோள்சீலைப் போராட்டம் பெரும்பாலும் மானம் காக்கும் போராட்டமாகவே எழுதப்பட்டுள்ளது. அஃது உண்மையே, எனினும் முழு உண்மை அன்று. திருவிதாங்கூரில் உயர்ந்தோர் முன்னும் தெய்வத்தின் முன்னும் மார்பைத் திறந்து நிற்றல் மரியாதையாகக் கருதப்பட்டது. நாயர் பெண்களும் தமக்கு மேலானவர்முன் இவ்வழக்கத்திற்கு உட்பட்டிருந்தனர். ஆகவே மேலாடை உடலை மறைக்கும் பொருள் மட்டும் அன்று. யார் யாருக்குக் கீழ் என்பதை அறிவிக்கும் குறியாகவும் இருந்தது. 1810களில் கர்னல் மன்றோவின் காலத்தில் கிறித்தவம் தழுவிய சாணார் (இன்றைய வழக்கில் நாடார்) பெண்களுக்கு மார்பை மறைக்கும் உரிமை வழங்கப்பட்டது. ஆனால் அவர்கள் அணிய வேண்டியது குப்பாயம் என்னும் சட்டை. நாயர் பெண்கள் தோளில் இடும் சீலை அன்று.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. அப்பெண்களுக்கு அரசு ஒரு தனிப்பாணியையே வழங்கியது எனலாம். உடல் மறைந்துவிட்டது, வெட்கம் தீர்ந்துவிட்டது. மானம் மட்டுமே வேண்டப்பட்டிருப்பின் சிக்கல் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பெண்கள் குப்பாயத்தின்மேல் தோள்சீலையையும் அணிந்தனர். கல்குளம், இரணியல் பகுதிகளில் 1820களில் எழுந்த கலவரங்களுக்கு இதுவே காரணம். 1829ஆம் ஆண்டு அரசாணை சாணார் பெண்கள் மேலாடை அணிதல் முறையன்று என்று தடுத்தது. 1858, 1859ஆம் ஆண்டுகளில் கலவரம் மீண்டும் மூண்டது. பெண்கள் பொதுவிடங்களில் தாக்கப்பட்டனர். சென்னை ஆளுநர் சார்லஸ் திரவெலியனின் வற்புறுத்தலுக்குப் பின், மாதவராவ் திவானாக இருந்தபோது, 1859 சூலை 26 அன்று உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மரின் அறிவிப்பு வெளிவந்தது.

அவ்வறிவிப்பின் வாசகத்தை ஊன்றிப் படித்தல் வேண்டும். கிறித்தவப் பெண்களைப் போலப் பிறரும் சட்டை அணியலாம். எம்மதத்துச் சாணார் பெண்களும் முரட்டுத் துணியை முக்குவப் பெண்கள் கட்டும் முறையில் கட்டலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மறைக்கலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தலாகாது. மானத்தை விட்டுக்கொடுத்த அரசு, 'போல' என்னும் ஓர் உவம உருபை விட்டுக்கொடுக்கவில்லை. காக்கப்பட்டது உடையன்று, உடையில் காணப்படும் வேற்றுமையே. அப்பெண்கள் கேட்டதும் வெறும் துணியன்று, ஒத்திருக்கும் உரிமை.

உடை அற்பமான செய்தி என்போர், ஓர் அரசு அரை நூற்றாண்டுக்காலம் ஏன் அதன்பொருட்டு ஆணைமேல் ஆணை பிறப்பித்தது என்பதற்கு விடை கூறவேண்டும். தம் உடையை எவரும் தடுத்திராதவர்க்கே உடை அற்பமாகத் தோன்றும். வள்ளுவர் கூறும் பண்பொப்பு உயர்ந்ததே. ஆனால் உறுப்பொப்பையே ஏற்க மறுக்கும் ஒரு சமூகம் பண்பொப்பைக் காண முன்வருமா?

செருமானியச் சமூகவியலறிஞர் கியோர்க் சிம்மல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாகரிகப் போக்கு என்பது பின்பற்றலும் வேறுபடுதலும் கலந்தது என்று விளக்கினார். கீழ்நிலையினர் மேல்நிலையினரின் பாணியை எடுத்துக்கொண்டதும் மேல்நிலையினர் அதனை விடுத்து வேறொன்றை நாடுவர் என்பது அவர் கருத்து. திருவிதாங்கூரில் மேல்நிலையினர் பாணியை மாற்றிக்கொள்ளவில்லை; தாக்கினர், தடுத்தனர். பின்பற்றத் தடையுள்ள இடத்தில் உடை சின்னமாகவே நிற்கும். நாகரிகப் போக்காக மாறாது. 1574இல் இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத்து தகுதிக்கேற்ற உடையை வரையறுத்து ஆணையிட்டதும் இவ்வகையினதே. அடிக்கடி மாறும், மலிவான, எவரும் வாங்கத்தக்க நாகரிகம் என்று நாம் எள்ளுவது, அத்தகைய தடைகள் நீங்கிய பின்னரே வாய்த்தது.

திரையும் தெருவும்

இந்நோக்கில் திரைப்பட நாகரிகத்தை மீண்டும் காணலாம். ஃபாசில் இயக்கிய 'பூவே பூச்சூடவா' (1985) வாயிலாகத் தமிழுக்கு வந்தவர் நதியா. மும்பையில் வளர்ந்த மலையாளப் பெண். ஓரிரு ஆண்டுகளில் தமிழகத்துக் கடைத்தெருக்களில் நதியா கம்மல், நதியா வளையல் என அவர் பெயரிலேயே பொருள்கள் விற்கப்பட்டன. ஒருவரது பெயர் பொருளுக்கு அடைமொழியாகிப் பொதுச்சொல்லாதல் மொழிநூலார்க்கும் சுவையான செய்தி. கம்மல் வாங்கிய பெண் தன்னை நதியா என்று எண்ணி ஏமாந்தாள் என்பது அவளை அறியாதார் கூற்று. அவள் வாங்கியது ஒரு சிறு துணிவு. நகரத்துப் பெண்ணைப் போலத் தானும் நிற்கலாம் என்பதற்கு ஊரார் முன் வைத்த ஒரு விண்ணப்பம். அக்கம்மலுக்கு எவரும் தடையாணை இடவில்லை. சாதி, ஊர் வேறுபாடின்றி அது பரவியது; வேறொரு நடிகையின் அணி வந்ததும் மறைந்தது.

எல்லார்க்கும் எல்லாம் அவ்வாறு வாய்த்துவிடவில்லை. 2012இல் தருமபுரி வன்முறை நிகழ்ந்த காலத்தில், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து பிற சாதிப் பெண்களைக் கவர்கின்றனர் என்று பாட்டாளி மக்கள் கட்சியின் நிறுவனர் குற்றம்சாட்டினார். திரையில் கறுப்புக் கண்ணாடி ஒரு நாயகனின் 'ஸ்டைல்'. அதே கண்ணாடி தெருவில் ஒருவன் முகத்தில் ஏறும்போது குற்றமாகிறது. 1859இன் 'போல' என்னும் உருபு இங்கு மீண்டும் கேட்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. மேலோரைப் போல உடுத்த விழைபவர் மேலோரின் அளவுகோலையே ஏற்றுக்கொள்கின்றனர் அல்லரோ? வலுவான மறுப்பே இது. இதனை ஒடுக்கப்பட்டோரும் உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்று பெரிநாட்டுக் கல்லுமாலைப் போராட்டம் (1915). புலையர் பெண்கள் அணிந்தாக வேண்டியிருந்த கல்மாலைகளை, அய்யன்காளியின் வேண்டுகோளுக்கிணங்கக் கொல்லத்தில் அவர்கள் அறுத்தெறிந்தனர். அங்கு அணிகலனே அடிமைக்குறி; கழற்றுவதே உரிமை. அதே அய்யன்காளி 1893இல் வெங்ஙானூர்ப் பகுதியில் தடையை மீறி வில்வண்டியில் சென்றபோது தலைப்பாகையும் வெண்ணிற ஆடையும் அணிந்திருந்தார். அதற்கு முன்னரே சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் ஆடவரைத் தலைப்பாகையுடன் வழிபடச் செய்திருந்தார். பணிந்து திறக்க வேண்டிய தலையில் முடிபோல் துணி ஏறியது. இவர்களிடம் பின்பற்றலும் மறுத்தலும் புதிது படைத்தலும் ஒன்றையொன்று விலக்கவில்லை. தனிப்பாணி, பின்பற்றலுக்கு எதிர்ச்சொல் அன்று. பின்பற்றத் தடையற்ற நிலையில் பின்பற்றாமலும் இருக்கக் கூடுமாயின் அதுவே தனிப்பாணி. பிறர் ஒதுக்கித் தந்த குப்பாயம் தனிப்பாணி ஆகாமைக்குக் காரணமும் அதுவே.

இவ்வரலாறு பள்ளிப் பாடநூலில் நிலைக்கவில்லை என்பதையும் இடையே சுட்டவேண்டும். நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் சாதியும் உடைமாற்றமும் பற்றிய பகுதியை 2016இல் தேர்விலிருந்து நீக்கியது. 2019இல் அது நூலிலிருந்தே அகன்றது.

அதே 2016இன் நவம்பர் இறுதியில், ஒரு பெண் தொடுத்த வழக்கைத் தொடர்ந்து, திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் செயல் அலுவலர் பெண்கள் சுடிதாருடன் உள்ளே வர இசைவளித்தார். எதிர்ப்பு எழுந்தது. டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றம், இத்தகைய செய்திகளில் தந்திரியின் முடிவே இறுதியானது என்று கூறி அவ்விசைவை ஏற்கவில்லை. எனவே சுடிதாரின்மேல் முண்டு சுற்றிச் செல்லும் வழக்கம் நிலைபெற்றது. 1820களில் சட்டையின்மேல் சீலை இட்டது குற்றம். இங்குச் சுடிதாரின்மேல் முண்டு சுற்றாமை தடை. இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் பிழை. இவ்விதி சாதி பார்ப்பதில்லை. செல்வரும் வறியரும் ஒரே வெண்துணியில் நிற்றலை ஒரு சமன்மையாகக் கொள்ளவும் இடமுண்டு. சபரிமலைக்குக் கறுப்பு உடுப்போர் அவ்வொப்பை மனமுவந்து ஏற்கின்றனர். ஆனால் ஒப்பு யாரால் முடிவு செய்யப்படுகிறது என்னும் வினா அங்கும் எஞ்சுகிறது. ஆடவர் மேற்சட்டை களைந்து கோயிலுள் செல்லும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என 2024 டிசம்பர் இறுதியில் சிவகிரியில் எழுந்த குரலும், அதனை ஒட்டிய வாதங்களும் இவ்வினாவையே ஆடவர் பக்கம் திருப்பின.

கோயில் வாயிலருகே வாடகைக்குக் கிடைக்கும் முண்டைச் சுடிதாரின்மேல் சுற்றிக்கொண்டு உள்ளே செல்லும் பெண், வழிபாடு முடிந்ததும் அதனைக் களைந்து திருப்பித் தருகிறாள். பின்னர்க் கிழக்குக்கோட்டையைக் கடந்து, ஆ. மாதவனின் கதைகளால் தமிழ் வாசகர் நன்கறிந்த சாலைக் கடைத்தெருவின் கூட்டத்தில் கலந்துவிடுகிறாள். அங்கு அவள் உடையை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.