யாருமற்ற நிலம்

கூடாரமொன்றை வண்டியிலேற்றி, அலாஸ்கா நெடுஞ்சாலை வழியே வாரக்கணக்கில் ஆறுதலாகச் செல்லும் கணவன் மனைவியரைக் கோடைதோறும் காணலாம். யூக்கொன் பிரதேசத்துத் தெஸ்லின் ஏரிக்கரையில் தீமூட்டித் தேநீர் அருந்தும் இருவர், அங்கே தம்மையன்றி எவருமிலர் என மகிழ்வர். மகிழ்ச்சி பொய்யன்று, அதற்கு ஆதாரமான எண்ணம் மெய்தானா?

அவர்கள் செல்லும் பாதை ஆறுதலாக அமைந்ததன்று. யப்பானியரை அஞ்சிய அமெரிக்க இராணுவம் 1942 இல், ஏறத்தாழ எட்டு மாதங்களில் அதனை வெட்டித் திறந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட படைவீரர் உழைத்தனர். அவருள் மூன்றிலொரு பங்கினர் கறுப்பினத்தவர். வெளியாரோடு சின்னமுத்து முதலிய நோய்களும் வந்து, தெஸ்லின் வாழ் திலிங்கிற் மக்களை வருத்தின.

‘வனம்’ என்னும் சொல் நிலத்தின் இயல்பைக் குறிப்பதிலும், வந்து மீள்பவன் அதனோடு கொண்ட உறவையே பெரிதும் குறிக்கின்றது. அங்கு பிறந்தவனுக்கு அது வேட்டைத்தடம், வலைவீசும் துறை.

அறியாது மகிழ்வது குற்றமா? தாம் செய்யாத பிழைக்கு எவரும் பழியேற்க வேண்டியதில்லை என்பர், அது சரியே. ஆயின் விரைந்து செல்பவனுக்கு இல்லாத கடப்பாடொன்று இவ்விருவருக்கு உண்டு. கேட்டறிய அவர்களிடம் நேரமிருக்கின்றது. கேட்டால், திலிங்கிற் இனத்தவரான ஜோர்ஜ் ஜோன்ஸ்ரன் என்பவர், நெடுஞ்சாலை தோன்றுமுன்பே 1928 இல் செவர்லே காரொன்றைப் படகில் தருவித்து, உறைந்த அதே ஏரியின்மேல் ஓட்டிய கதையை அறிவர். அக்கார் தெஸ்லின் நூதனசாலையில் நிற்கின்றது.