மிதிவண்டியும் மிதிப்பவனும்

நெருளில், பாம் பீச் சாலையில், விடியற்காலையில் விலையுயர்ந்த மிதிவண்டிகள் விரைகின்றன. அவற்றைக் கண்டு ஏங்கும் நம் பிள்ளைகளிடம், "வண்டியில் ஒன்றுமில்லை, திறமையே போதும்" என்று கூறிவிடுகிறோம். அஃது மெய்தானா?

1996-இல் ஆங்கில வீரர் கிறிஸ் போர்ட்மன், புதுவகை வண்டியில் கைகளை முன்னே நீட்டிப் படுத்தவாறு, ஒரு மணி நேரத்தில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். பின்னர், 1972-இல் எட்டி மெர்க்ஸ் ஓட்டியதைப் போன்ற வண்டியே வேண்டுமெனப் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் விதித்தது. 2000-இல் அதே போர்ட்மன் கடந்தது 49.441 கிலோமீட்டர், மெர்க்ஸைவிடப் பத்தே மீட்டர் மிகுதி! நான்காண்டு வயது கூடியதையும் கழித்துக்கொள்வோம். எனினும், குறைந்தது ஏறக்குறைய ஏழு கிலோமீட்டரன்றோ? கருவிக்குப் பங்கில்லை என்பது பொய்யுரை. ஏழைப் பிள்ளையிடம் கூறுங்கால் அது கொடுமையுமாகும். பின்தங்கிய பழியை அவன் கால்கள்மேல் அன்றோ சுமத்துகிறோம்?

கருவி சமமான பின்னரே மெர்க்ஸையும் போர்ட்மனையும் ஒப்பிட முடிந்தது. நம் சங்கம் இதனை முன்னரே அறியும். சாக்கிய அரசிளங்குமரருக்கும் அவர்தம் நாவிதர் உபாலிக்கும் அங்கே ஒரே துவராடை, ஒரே திருவோடு. தம் குலச்செருக்கு அடங்கவேண்டிக் குமரர்கள் உபாலியையே முதலில் துறவேற்கச் செய்தனர். பின்னாளில் விநயத்தில் தலைசிறந்தவரெனப் பகவன் போற்றியதும் அவரையே.